மேட்ச்பாக்ஸ் ஸ்பிட்ஃபயர் 9: பழைய பெட்டி, பழைய ஆசை

டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அண்ணன்தான் பிளாஸ்டிக் மாடல் விமானம் ஒட்டுவான். நான் பசை வாசனை பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இப்போது பென்ஷன் வருகிறது, கேட்க ஆளில்லை. டர்பனில் ஒரு பழைய சாமான் சந்தையில் இந்தப் பெட்டியை வாங்கிவிட்டேன்: இரண்டாம் உலகப்போர் காலத்துப் பிரிட்டிஷ் போர்விமானம் ஸ்பிட்ஃபயரைத் துண்டு துண்டாக ஒட்டிச் செய்யும், மேட்ச்பாக்ஸ் கம்பெனியின் கிட்.

1/72 அளவு, அதாவது நிஜ விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. இறக்கை முனையிலிருந்து முனைவரை பதினைந்தரை சென்டிமீட்டர் வரும். மேட்ச்பாக்ஸின் தனி அடையாளமே பிளாஸ்டிக் ஒன்றுக்கு மேற்பட்ட நிறத்தில் வந்ததுதான். பெயிண்ட் வாங்கக் காசில்லாத பையனும் ஒட்டி அலமாரியில் வைக்க முடிந்தது. ஆனால் உடம்பில் தகடு இணையும் கோடுகளைப் பாருங்கள், வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள்! புட்டி தடவி, உப்புத்தாள் போட்டால்தான் கொஞ்சம் அடங்குகிறது.

டெக்கல் (தண்ணீரில் நனைத்து விமானத்தில் ஒட்டும் சின்னப் படங்கள்) மஞ்சளாகியிருந்தது. பிளாஸ்டிக் பையில் போட்டு ஜன்னலில் ஒட்டி வெயில் காட்டினேன், வெளுத்தது. தண்ணீரில் போடுமுன் மேலே வார்னிஷ் ஒரு பூச்சு கட்டாயம். இல்லையென்றால் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும். "எல்லாம் முழுசா இருக்கும்மா" என்று சத்தியம் பண்ணிய கடைக்காரர் வால் சக்கரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் ஃப்ரேமில் மிச்சமான துண்டைச் செதுக்கி நானே செய்துகொண்டேன்.

தென்னாப்பிரிக்க விமானப்படையும் ஸ்பிட்ஃபயர் 9 ஓட்டியது. அந்தக் காலத்து நம்மூர் விமானப்படைச் சின்னமான ஆரஞ்சு, வெள்ளை, நீல வட்டம் வேண்டுமென்றால் டெக்கல் தனியாகத் தேடணும்.

நுணுக்கம் வேண்டுவோர் புதிய கிட் வாங்குங்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு, விலை படிந்தால், இதுவே சரி. பேரன் அதற்குள் புரொபெல்லரைச் சுற்றிப் பார்த்துவிட்டான், சுற்றுகிறது.