இரண்டு ஜான் சீனா

WWE மல்யுத்த நட்சத்திரம் ஜான் சீனா புது வீரர்களை அமுக்கியவரா, ஏற்றிவிட்டவரா? இரண்டும்தான். 2010 சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில், நெக்ஸஸ் என்ற புதுமுகக் கும்பலின் தலைவர் வேட் பாரெட், சீனாவின் தலையை வெறும் காங்கிரீட் தரையில் மோதவைத்தார். கதை முடிந்தது என்று பார்த்தால், சீனா எழுந்து வந்து நெக்ஸஸ் கும்பலில் மிஞ்சிய ஜஸ்டின் கேப்ரியல், பாரெட் இருவரையும் சாய்த்துவிட்டார். நெக்ஸஸ் மீதிருந்த பயம் அன்றைக்கே புஸ்வாணம். பாரெட் கடைசிவரை உலக சாம்பியன் ஆகவில்லை. காயங்களும் ஒரு காரணம், சரி.

2015 சீனா வேறு ஆள். அமெரிக்க சாம்பியன் பெல்ட்டோடு, வாராந்திர ரா நிகழ்ச்சியில் யாரும் மோதலாம் என்று ஓப்பன் சேலஞ்ச் விட்டார். மான்ட்ரியலில் உள்ளூர்க்காரர் சாமி ஜெய்ன் வந்தார். தோற்றும் பெயர் வாங்கினார். அப்புறம் எலிமினேஷன் சேம்பர் நிகழ்ச்சியில் புதுசாக வந்த கெவின் ஓவன்ஸ், எந்தத் தில்லுமுல்லும் இல்லாமல் சீனாவின் தோள்களைத் தரையில் அமுக்கி ஜெயித்தார். பெல்ட்டைப் பணயம் வைக்காத ஆட்டம்தான், ஆனால் யார் கவலைப்பட்டார்கள்? அடுத்த வருடமே ஓவன்ஸ் யுனிவர்சல் சாம்பியன், அதாவது உலக சாம்பியன். என் ஓட்டு இந்தச் சீனாவுக்குத்தான்.