அப்பா பெயரிலுள்ள காரை மாற்றித் தருகிறேன் என்று 18,500 ரூபாய் பிடுங்கிய கதை – குமரி மாவட்டத்துக்காரர்கள் கவனம்

18,500 ரூபாய் போச்சு. ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றிதழில்) இன்றைக்கும் இறந்துபோன அப்பாவின் பெயர்தான் இருக்கிறது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. இன்சூரன்ஸ், லைசென்ஸ், ஆர்.சி. பெயர் மாற்றம் எல்லாம் ஒரே இடத்தில் என்று போர்டு வைத்திருக்கும் ஆன்லைன் சர்வீஸ் கடை அது. குழித்துறையிலிருந்து நாகர்கோவில் வரை இந்த மாதிரிக் கடை நிறைய இருக்கிறது. இறப்புக்குப் பின் ஆர்.சி. மாற்றுவது எப்படி என்று கடைசியில் வரிசையாக எழுதுகிறேன். முதலில் பைசா எப்படிப் போனது என்பதைக் கேளுங்கள்.

டி.என். 75 (மார்த்தாண்டம் பதிவு) வண்டி, 2016 மாடல், ஆயுட்கால வரி கட்டியது. கவுண்டரில் இறப்புச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கடைக்காரன் சொன்னது இதுதான்: "ஐயோ, சாரா? எனக்கு நல்லாத் தெரியுமே! ஒண்ணும் பேடிக்காண்டாம் (பயப்பட வேண்டாம்) மக்கா, எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்." அப்பாவைத் தெரியும் என்றதும் மனசு இளகிவிடும் என்பது அவனுக்குத் தெரியும். பெயர், ஊர், வயது எல்லாம் அவன் கையிலிருந்த சான்றிதழிலேயே இருந்தது. ஒரிஜினல் ஆர்.சி.யை ஒரு கவரில் போட்டு ஸ்டேப்ளர் அடித்து மேசைக்குள் வைத்தான். முதல் 8,000 அன்றைக்கே ஜிபேயில் போனது. கடைப் பெயருக்கு இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் நம்பருக்கு.

அடுத்து 6,500, "லேட் ஃபைனும் கிரீன் டாக்ஸும்" என்று. பச்சைப் பொய். பசுமை வரி என்பது சொந்தக் கார் 15 வருடம் தாண்டி எஃப்.சி. (தகுதிச் சான்று) புதுப்பிக்கும்போது வருவது. 2016 வண்டிக்கு அது எங்கிருந்து வரும்? ஆயுட்கால வரி கட்டிய வண்டி, மாநிலத்துக்குள்ளேயே வாரிசு பெயருக்கு மாறும்போது மறுபடி வரி கட்டவும் வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி சொந்த உபயோகக் காருக்குப் பெயர் மாற்றக் கட்டணம் 300 ரூபாய், ஸ்மார்ட் கார்டுக்கு 200 ரூபாய். மாநிலச் சேவைக் கட்டணம், தபால் செலவு தனி. 8,000-க்கும் 6,500-க்கும் இதில் இடமே கிடையாது.

மூன்றாவதாக 4,000. வாரிசுச் சான்றிதழ் சீக்கிரம் கிடைக்க "வில்லேஜ் ஆபீஸில் கொடுக்கணும்" என்றான். இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பத்துக்கு 60 ரூபாய்தான். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரித்து தாசில்தார் கையெழுத்திடுவார். விண்ணப்ப எண் உங்கள் போனுக்கு வரும், நிலையை நீங்களே பார்க்கலாம். எங்களுக்கு அந்த எண் வரவே இல்லை, ஏனென்றால் அவன் விண்ணப்பிக்கவே இல்லை. ஆக மொத்தம் 18,500.

பைசாவை விடுங்கள். அவன் தின்றது எங்கள் 3 மாதத்தை. வண்டி உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு வாரிசு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், வண்டியைத் தானே ஓட்டப் போவதாகவும் அதில் சொல்ல வேண்டும். அப்படிக் கொடுத்தால் இறந்த நாளிலிருந்து 3 மாதம் வரை வண்டியை எடுக்கலாம். அந்த 3 மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பமான ஃபாரம் 31 போட்டுவிட வேண்டும். இது மத்திய மோட்டார் வாகன விதிகளில் 56-வது விதி. "லெட்டர் ஒண்ணும் தேவையில்ல" என்று முதல் நாளே தடுத்தவன் அவன்.

இன்சூரன்ஸும் இதே கணக்குதான். பாலிசிதாரர் இறந்தால் பாலிசி உடனே செத்துப்போகாது. இறந்த நாளிலிருந்து 3 மாதம், அல்லது பாலிசி முடியும் தேதி, இதில் எது முந்தி வருகிறதோ அதுவரைதான் உயிர். அதற்குள் இறப்புச் சான்றிதழ், வண்டி உங்களுக்கு வந்ததற்கான ஆதாரம், பழைய பாலிசி மூன்றையும் கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். அப்பாவின் நோ கிளெய்ம் போனஸ்கூட (இழப்பீடு கேட்காத வருடங்களுக்கான பிரீமியச் சலுகை) மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ கிடைக்கும். அந்தக் கெடுவைத் தாண்டி வண்டியை ரோட்டில் இறக்கி யார் மேலாவது இடித்தால், நஷ்ட ஈடு முழுக்க உங்கள் தலையில் விழும் அபாயம் உண்டு. இப்போது கார் ஷெட்டில்தான் நிற்கிறது.

அப்புறம் கையெழுத்து விஷயம். இதை நினைத்தால் ரத்தம் கொதிக்கிறது. பரிவாகன் என்ற அரசுப் போக்குவரத்து இணையதளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பார்த்தால் வகை "விற்பனை" என்று இருக்கிறது, கட்டணம் கட்டவில்லை, ஃபைல் ஆபீஸுக்கே போகவில்லை. கடைசியில் ஆர்.சி.யோடு திரும்பி வந்த கவருக்குள் ஃபாரம் 29, ஃபாரம் 30. இரண்டிலும் அப்பாவின் கையெழுத்து, இறந்த தேதிக்குப் பிந்திய தேதி! இறந்தவர் காரை விற்றதாகக் காட்டினால் வாரிசுச் சான்றிதழும் வேண்டாம், மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டாம் என்பதுதான் அந்தக் குறுக்கு வழி. மாட்டினால் மோசடிக் கையெழுத்து வழக்கு யார் மேல் வரும்? வண்டி யார் பெயருக்கு மாறுகிறதோ அவர் மேல்தான் முதல் கேள்வி. விற்பனைக்கு 29, 30. இறப்புக்கு 31. இது ஒன்றையாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

வளைகுடாவில் இருக்கும் அண்ணனின் சம்மதத்துக்கு "வாட்ஸாப்பில் கையெழுத்துப் படம் அனுப்பினா மதி (போதும்)" என்றானே, அதையும் வெட்டி ஒட்டியிருக்கிறான். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்புவதுதான் முறை. நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் கடலுக்கு அப்பால் இருப்பதால் இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள்.

போன் நம்பரையும் விட்டுவைக்கவில்லை. ஓ.டி.பி. சொல்லுங்க, சொல்லுங்க என்று வாங்கி, ஆர்.சி.யில் அப்பாவின் நம்பரை எடுத்துவிட்டுக் கடை நம்பரை ஏற்றியிருக்கிறான். அதன்பின் வண்டி சம்பந்தமான ஓ.டி.பி. அத்தனையும் அவனுக்குத்தான் போகும்.

கேட்கப் போனால் பதில்களைப் பாருங்கள். சர்வர் டவுன். சார் லீவு. கார்டு அடிக்கிற மெஷின் ரிப்பேர். "ஃபைல் நாகர்கோவிலுக்குப் போயிருக்கு" என்றுகூடச் சொன்னான். டி.என். 75 வண்டியின் ஃபைல் மார்த்தாண்டம் ஆபீஸை விட்டு நாகர்கோவிலுக்கு எதற்குப் போக வேண்டும்? பிறகு போனை எடுப்பதே இல்லை. நேரில் போனால் கவுண்டரில் ஒரு சின்னப் பையன், "முதலாளி களியக்காவிளைக்குப் போயிருக்காங்க" என்பான். கடைசியில் ஆளைப் பிடித்தபோது, "18,500-ம் உள்ளே குடுத்தாச்சு, திரும்பி வராது. ஆர்.சி. வேணும்னா பாக்கி 2,000 தாங்க" என்றான். போலீஸ் என்ற சொல்லைக் கேட்ட பிறகுதான் ஆர்.சி. மேசைக்குள்ளிருந்து வெளியே வந்தது. 18,500 வரவில்லை.

வரிசையாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

ஃபாரம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் நோட்டரி சம்மதம், ஒரிஜினல் ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஆதார், பான், போட்டோ, சேசிஸ் நம்பர் பென்சில் பிரிண்ட். இவ்வளவுதான் ஃபைல். இறந்தவர் இந்து ஆணாக இருந்து அவருடைய அம்மா உயிரோடு இருந்தால் அவரும் வாரிசு, பெயரை விடாதீர்கள். ஆர்.சி.யில் உள்ள இனிஷியலும் இறப்புச் சான்றிதழில் உள்ளதும் ஒன்றா என்று முதலிலேயே பாருங்கள். கடன் அடைத்தும் வங்கிப் பெயர் ஆர்.சி.யில் நின்றால் வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), கடன் பதிவை நீக்கும் ஃபாரம் 35-ம் வேண்டும். திருவனந்தபுரம் போய்வந்த வண்டி என்றால் கேரளா கேமரா அபராதம் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று பரிவாகனில் பார்த்துக் கட்டிவிடுங்கள்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஓ.டி.பி. யாருக்கும் சொல்லாதீர்கள். ஒரிஜினல் ஆர்.சி.யைக் கடையில் விடாதீர்கள். தனி ஆள் நம்பருக்கு ஜிபே செய்யாதீர்கள், அரசுக் கட்டண ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

அப்பா, அம்மா பெயரில் வண்டி இருந்தால் ஆர்.சி.யில் நாமினி சேர்க்க 2021 முதல் வழி இருக்கிறது, அவர்கள் இருக்கும்போதே சேர்த்துவிடுங்கள்.

ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள், நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லாமல் புகார் கொடுக்கலாம். எங்கள் 18,500-க்கும் கள்ளக் கையெழுத்துக்கும் தனித்தனியாகப் புகார் எழுதியாயிற்று. இதே மாதிரிக் கடையில் பைசா கொடுத்துக் காத்திருப்பவர்கள், இன்றைக்கே பரிவாகனில் உங்கள் விண்ணப்பத்தின் வகை என்ன, கட்டணம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.