ஆர்க்டிக் வட்டம் வரை கட்டுச்சோறு

ஸ்காண்டிநேவியாவுக்குப் பெட்டி கட்டும்போது நான் முதலில் எடுத்து வைப்பது அம்மா காய்ச்சித் தரும் புளிக்காய்ச்சலைத்தான். குளிர்ச்சட்டைக்கு அதற்குப் பிறகுதான் இடம். நல்லெண்ணெய் மேலே மிதக்கும் கால் கிலோ புட்டி, பருப்புப் பொடி ஒரு பொட்டலம், மெல்லிய அவல் ஒரு கிலோ, எவர்சில்வர் டப்பா இரண்டு. இவற்றோடு 2022, 2023, 2025 ஆகிய மூன்று கோடைகளில் டென்மார்க், ஸ்வீடன், நார்வே மூன்றையும் ரயிலிலேயே சுற்றியிருக்கிறேன். நான் நனிசைவம். இறைச்சி, மீன், முட்டையோடு பால், தயிர், நெய், தேனும் தொடுவதில்லை. இப்படி உண்பவர்கள் அங்கே ரயிலில் போனால் என்ன நடக்கும் என்று பலர் கேட்டுவிட்டதால் இதை எழுதுகிறேன்.

சுங்கத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைபவர்கள் இறைச்சியும் பால்பொருளும் கொண்டுவரக் கூடாது. நம் மூட்டையில் இரண்டும் இல்லை என்பதால் அந்தப் பயம் நமக்கு இல்லை. ஆனால் பச்சைக் கறிவேப்பிலை போன்ற புதிய இலைதழைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், பொடியில் வறுத்துச் சேர்த்தது போதும்.

மூன்று கோடைகளுக்குப் பிறகு நான் கண்டது இதுதான்: ஊர்களில் நனிசைவ உணவுக்குக் கவலையே இல்லை, இரண்டு ஊர்களுக்கு இடையில்தான் பசிக்கிறது. நம் ஊரில் "சைவம்தான்" என்று சொன்ன மறுகணம் தயிரும் நெய்யும் அன்போடு இலையில் வந்து விழும். வேண்டாம் என்று விளக்குவதற்குள் சோறு ஆறிவிடும். அங்கே "வேகான்ஸ்க்" என்ற ஒரு சொல் போதும். பரிமாறுபவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சரியான தட்டைக் காட்டுவார். "வெகெடாரிஸ்க்" என்றால் மட்டும் பாலும் முட்டையும் உள்ளே வந்துவிடும், கவனம். முதல்முறை அந்தச் சொல்லை நான் சொன்னதும் எந்தக் கேள்வியும் வராமல் உணவு வந்தபோது என் கண் கலங்கியது. ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் விளக்கம் சொல்லியே களைத்துப் போனவர்களுக்கு இது புரியும்.

ஒரே சீட்டில் பல நாடுகளின் ரயில்களில் ஏற உதவும் பாஸைப் பற்றி. ஐரோப்பாவுக்கு வெளியே வசிக்கும் நமக்கு யூரெயில், அங்கேயே வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில். கைபேசிச் செயலியில்தான் டிக்கெட். ஒவ்வொரு பயணத்தையும் அதில் சேர்த்தால்தான் பரிசோதகரிடம் காட்டும் குறியீடு வரும். ஸ்வீடனின் அதிவேக ரயில்களுக்கும் இரவு ரயில் படுக்கைகளுக்கும் பாஸ் இருந்தாலும் தனியாக முன்பதிவுக் கட்டணம் உண்டு. கோடையில் அந்த இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், தேதி முடிவானதும் முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள்.

டென்மார்க்கின் கோபன்ஹேகனிலிருந்து ஸ்வீடனின் மால்மோவுக்கு நாற்பது நிமிடத்துக்குள் போய்விடலாம். நடுவே உள்ள கடலைக் கடப்பது 2000ஆம் ஆண்டு ஜூலையில் திறந்த ஓரெசுண்ட் பாலத்தின் வழியே. ரயில் முதலில் கடலுக்கடியில் நான்கு கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் போய், மனிதர் கட்டிய ஒரு தீவில் வெளியே வந்து, பிறகு எட்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான பாலத்தில் ஏறும். ஏறுவதற்கு முன் கோபன்ஹேகனில் ருக்ப்ரோ வாங்கிக்கொள்ளுங்கள். கறுத்த, கனத்த, விதைகள் நிறைந்த, ரை என்ற தானிய மாவு ரொட்டி அது. பெரும்பாலும் பால் சேர்ப்பதில்லை. நாலைந்து நாள் கெடாது, இரண்டு துண்டில் வயிறு நிறைந்துவிடும். அதன் மேல் பருப்புப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவிச் சாப்பிட்டுப் பாருங்கள். அந்த ரொட்டியின் புளிப்பும் நம் பொடியின் காரமும் ஒன்றுக்காக ஒன்று பிறந்தவை போலச் சேரும்.

மால்மோ ஃபலாஃபெல் ஊர். மேற்காசியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் அந்த ஊருக்குத் தந்த செல்வம் அது. கொண்டைக்கடலையை அரைத்துப் பொரித்து மெல்லிய ரொட்டியில் சுருட்டித் தருவார்கள். பூண்டுச் சாற்றில் மட்டும் தயிரோ முட்டையோ இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், நான் எள்ளுச் சாறும் காரச் சாறும் மட்டும் கேட்பேன். ஓட்ஸ் பானம் தயாரிக்கும் ஓட்லி நிறுவனத்தின் தலைமையிடமும் இதே ஊர்தான். பக்கத்து லுண்ட் பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்து 1994இல் தொடங்கிய நிறுவனம் அது. அந்த ஓட்ஸ் பானத்தை ஊற்றிக் காபி குடித்தபோது, பாலை விட்ட பிறகு நான் இழந்துவிட்டதாக நினைத்த ஒரு சுவை திரும்பி வந்தது.

அதைக் கடையில் தேடும்போது "பால்" என்ற சொல்லைத் தேடாதீர்கள். ஐரோப்பிய நீதிமன்றம் 2017இல் தாவரப் பானங்களைப் பால் என்ற பெயரில் விற்கக் கூடாது என்று தீர்ப்பளித்துவிட்டது. தேங்காய்ப்பால் போன்ற சில பழைய பெயர்களுக்கு மட்டுமே விலக்கு. அதனால் பெட்டியில் ஓட்ஸ் பானம் என்றுதான் இருக்கும்.

உணவுப் பொட்டலத்தின் மேலுள்ள சிட்டையைப் படிப்பதுதான் இந்தப் பயணத்தின் அடிப்படைக் கல்வி, அதில் சற்று நேரம் செலவிடுகிறேன். மூன்று நாடுகளிலும் ஒவ்வாமை தரும் 14 பொருள்களை உட்பொருள் பட்டியலில் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும். பெரும்பாலும் தடித்த எழுத்தில் இருக்கும். பால், முட்டை, மீன் மூன்றும் அந்தப் பதினான்கில் அடக்கம். எனவே ஒரு பொட்டலத்தைப் பார்க்க ஐந்து விநாடி போதும். பால் ஸ்வீடிஷில் மியோல்க், டேனிஷிலும் நார்வீஜியனிலும் மெல்க். பாலைத் திரித்த பின் மிஞ்சும் மோர்த்தெளிவுக்குத்தான் மூன்று பெயர்: ஸ்வீடனில் வஸ்லே, டென்மார்க்கில் வாலே, நார்வேயில் மீஸே. உருளைக்கிழங்கு வறுவலின் மசாலாவில் ஒளிந்திருப்பது பெரும்பாலும் இதுதான். தேனும் ஜெலட்டினும் அந்தப் பட்டியலில் இல்லாததால் தடித்த எழுத்தில் வராது, அவற்றைத் தனியாகத் தேட வேண்டும்.

எதிர்த்திசையிலும் ஏமாறலாம். முதல் கோடை முழுவதும் நல்ல ரொட்டிகளையும் கறுப்புச் சாக்லேட்டுகளையும் நான் திருப்பி வைத்துக்கொண்டே இருந்தேன். "மியோல்க்ஸீரா" என்பதில் பால் என்ற சொல் இருந்தாலும் அது லாக்டிக் அமிலம். பொதுவாக மாவுப்பொருளை நொதிக்க வைத்து எடுப்பது. "கக்காவுஸ்மோர்" என்பதில் வெண்ணெய் என்ற சொல் இருந்தாலும் அது கொக்கோக் கொழுப்பு. இந்த இரண்டு சொல்லையும் அறிந்த பிறகு என் பை கனத்தது.

ஸ்டாக்ஹோமில் ஃப்யெல்கதான் தெருவில் உள்ள ஹெர்மன்ஸ் உணவகத்துக்குப் போகாமல் திரும்ப வேண்டாம். முழுக்கத் தாவர உணவு, வேண்டுமளவு எடுத்துக்கொள்ளலாம், கீழே நீரும் கப்பல்களும் தெரியும். இரவு ரயில் ஏறும் நாளில் அங்கே மதியம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது என் வழக்கம். ஜூன் 19 முதல் 25 வரைக்குள் வரும் வெள்ளிக்கிழமையில் ஸ்வீடனில் நடுக்கோடைப் பண்டிகை. அன்று நகரமே வெறிச்சோடும், பல உணவகங்கள் மூடியிருக்கும். முந்திய நாளே புது உருளைக்கிழங்கும் சோயிக்கீரையும் வாங்கி, விடுதிச் சமையலறையில் வேகவைத்து உப்பும் எண்ணெயும் சேர்த்துச் சாப்பிட்டேன். மண்வாசனை மாறாத அந்தச் சின்ன உருளைக்கிழங்குகளுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

நார்வே கடினம். கடினத்துக்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை. 2022இல் ஓஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு 1909இல் திறந்த அந்தப் பழைய பாதையில் போனேன். பாதை 1,222 மீட்டர் உயரத்தில் பின்ஸே நிலையம் வரை ஏறுகிறது. வெளியே ஜூலையிலும் பனித்திட்டுகள். அந்த அழகில் மயங்கிக் கையிலிருந்ததையெல்லாம் வழியிலேயே சாப்பிட்டுவிட்டேன். பெர்கனில் இறங்கினால் ஞாயிறு மாலை, பெரிய கடைகள் எல்லாம் பூட்டு. நார்வேச் சட்டப்படி ஞாயிறன்று, பொதுவாக, விற்பனைத் தளம் நூறு சதுர மீட்டருக்கு மேற்படாத சிறு மளிகைக் கடைகள்தான் திறக்கலாம். சில்வியா ப்ரூஸ்டாட் என்ற அரசியல்வாதியின் பெயரால் அவற்றை மக்கள் ப்ரூஸ்டாட்பூ என்கிறார்கள். நான் தேடிக் கண்டுபிடித்த ஒன்றில் வாழைப்பழம், நிலக்கடலை வெண்ணெய், டப்பாவில் அடைத்த அவரை, அவ்வளவுதான் எனக்கு ஆகக்கூடியது. விலையும் கூடுதல். அன்றிலிருந்து நார்வேயில் சனிக்கிழமை கடைக்குப் போகாமல் நான் ரயில் ஏறுவதில்லை. ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் இந்தச் சிக்கல் இல்லை.

ரயிலுக்குள் கிடைக்கும் உணவை நம்பியிருக்க வேண்டாம். உணவுப் பெட்டியில் நனிசைவ வகை ஒன்றிரண்டு இருக்கும், மாலைக்குள் தீர்ந்துவிடும். முன்கூட்டியே நனிசைவ உணவு கேட்டிருந்தும் ஒரு நீண்ட பயணத்தில் எனக்குத் தயிர்க் கிண்ணமும் பாலாடைக்கட்டி ரொட்டியும் வந்தன. ஊழியர் உண்மையாகவே வருந்தினார், ஆனால் மாற்றிக் கொடுக்க அவரிடம் ஒன்றுமில்லை. வெந்நீர் மட்டும் எந்த ரயிலிலும் மறுத்ததில்லை. டப்பாவில் அவலைப் போட்டு வெந்நீர் தெளித்து, எலுமிச்சையும் பொடியும் கலந்தால் ஐந்து நிமிடத்தில் உணவு. கோடையில் தண்டவாளப் பணிக்காகச் சில பகுதிகளில் ரயிலை நிறுத்திப் பஸ் விடுவார்கள். நார்வேயில் "பூஸ் ஃபொர் தோக்", அதாவது ரயிலுக்குப் பதில் பஸ், என்ற பலகையைப் பார்த்தால் உங்கள் இணைப்பு ரயில் தவறக்கூடும். ஒரு வேளை உணவு எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

2023 ஆகஸ்டில் ட்ரோன்ஹெய்ம் வழியாக வடக்கே போகத் திட்டம். ஹான்ஸ் புயல் வந்தது. ஆற்றுவெள்ளத்தில் ரிங்கெபு அருகே ராண்க்ளெவ் ரயில் பாலம் ஆகஸ்டு 14 அன்று இடிந்து விழுந்தது. ஓஸ்லோவிலிருந்து ட்ரோன்ஹெய்முக்குப் போகும் அந்த டோவ்ரே பாதை முழுமையாகத் திறக்க 2024 மே ஆனது. நான் ஓஸ்லோவிலேயே தங்கிவிட்டேன். மத்திய நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் க்ரோன்லான்ட் பகுதி. வெண்டைக்காய், பச்சைமிளகாய், முருங்கை எல்லாம் அங்கே பார்த்தேன். ஈழத்தமிழர் நடத்தும் சிறு கடை ஒன்றில் சொதி வைத்திருந்தார்கள். "அக்கா, இதில் பால் உண்டா?" என்றேன். "மாட்டுப்பால் இல்லைப் பிள்ளை, தேங்காய்ப்பால்தான். தேங்காய் பிழிந்தால் எதற்கு மாட்டுப்பால்?" என்றார். தாராளமாகச் சோற்றில் ஊற்றிக் கொடுத்தார். பல நாள் ரொட்டிக்குப் பிறகு அந்தச் சோறு எனக்கு என்னவாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. மழை விட்டதும் நகர ரயிலில் நூர்ட்மார்க்கா காட்டுக்குப் போய் டப்பா நிறைய நீலப்பழம் பறித்தேன். காட்டில் நடக்கவும் அங்கே தானாய் விளையும் பழத்தைப் பறிக்கவும் எல்லோருக்கும் உள்ள பழைய உரிமையை 1957ஆம் ஆண்டுச் சட்டமும் உறுதி செய்கிறது.

2025 ஜூலையில்தான் வடக்கு கைகூடியது. ஸ்டாக்ஹோமிலிருந்து நார்வேயின் நார்விக்குக்கு இரவு ரயிலில் கிட்டத்தட்ட 19 மணி நேரம். அந்த மாதம் அங்கே வெப்ப அலை. ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பாலும் 30 டிகிரியைத் தாண்டியது. பையில் வைத்திருந்த கொண்டைக்கடலை விழுது காலைக்குள் புளித்துவிட்டது. புளிக்காய்ச்சலுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெயிலில் நெடுவழி போகிறவர்கள் கட்டிக்கொண்டு போகும் உணவு அது, வெயில் அதை என்ன செய்யும்? வழியில் ஸ்வீடனின் வடகோடியில் உள்ள அபிஸ்கோவில் இறங்கி இரண்டு நாள் தங்கினேன். நள்ளிரவிலும் வெளிச்சம் இருப்பதால் பசி நேரம் தவறிவிடும், கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள். அங்கே கடைகள் மிகக் குறைவு என்பதால் ஸ்டாக்ஹோமிலேயே எல்லாம் வாங்கியிருந்தேன். விடுதியின் பொதுச் சமையலறையில் அடுப்பும் பாத்திரமும் உண்டு.

நார்விக்கின் தண்டவாளம் ஸ்வீடனோடுதான் இணைந்திருக்கிறது, நார்வேயின் மற்ற ரயில் பாதைகளோடு இணையவில்லை. அதனால் அங்கிருந்து போடோவுக்குப் பஸ். நடுவே பஸ்ஸோடு படகில் ஏறி, கடல் நிலத்துக்குள் நீண்டு நுழைந்திருக்கும் ஃபியோர்டைக் கடக்க வேண்டும். படகுக் கடையில் தொத்திறைச்சியும் பாலில் கரைத்துச் சுட்ட வாஃபிளும்தான் இருந்தன. என்னிடம் ருக்ப்ரோ இருந்தது.

போடோ விடுதியில் இரவே ஜாஸ்மின் அரிசி வடித்து, ஆறவிட்டு, புட்டியின் கடைசிப் புளிக்காய்ச்சலை வழித்துக் கிளறி டப்பாவில் அடைத்தேன். மறுநாள் சனிக்கிழமை. ரயில் ஏறுமுன் கடைக்குப் போய் ஞாயிற்றுக்கிழமைக்கு ரொட்டியும் தக்காளியும் வாங்கினேன். போடோவிலிருந்து ட்ரோன்ஹெய்ம் 729 கிலோமீட்டர், டீசல் ரயிலில் கிட்டத்தட்ட பத்து மணி நேரம். சால்ட்ஃப்யெல் மேட்டில் மரங்கள் குட்டையாகி, பிறகு மறைந்து, கல்லும் பாசியும் மட்டும் மிஞ்சின. ஆர்க்டிக் வட்டம் வரப்போகிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கல்லால் கட்டிய அடையாளத் தூண் தெரிந்தபோது டப்பாவைத் திறந்தேன். எதிர் இருக்கையில் இருந்த பெரியவர் மணத்துக்குத் தலை நிமிர்த்தினார். மூடியில் இரண்டு கரண்டி வைத்து நீட்டினேன். "வேகான்ஸ்க்?" என்று அவரே கேட்டார்.