நானோ க்ளோன் போர்டு: குத்தம் போர்டுல இல்ல, என் கோடுல
ஆர்டுயினோ நானோன்னு சொல்ற, நாமளே ப்ரோகிராம் எழுதி ஏத்துற குட்டி கன்ட்ரோலர் போர்டோட நகல் இது. ரங்கூன்ல ஒரு கடையில வாங்குனது, வீட்டுத் தண்ணி டேங்க் மட்டம் பாக்க ஓஎல்ஈடி ஸ்கிரீனோட மாட்டுனேன். கம்பைல் பண்றப்ப, அதாவது எழுதுன கோடை போர்டுக்குப் புரியுற மாதிரி மாத்துறப்ப, ராம் (ஓடுறப்ப பயன்படுற மெமரி) 58% தான் நிரம்பியிருக்குன்னு காட்டுது ஆனா ஸ்கிரீன் எழும்பவே மாட்டேங்குது, போர்டு டூப்புன்னு கடைக்கார அண்ணன்கிட்ட சண்டைக்கே போயிட்டேன், பாவம் அவரு. விஷயம் என்னன்னா மொத்த ராமே 2048 பைட்டு, 128க்கு 64 புள்ளி ஸ்கிரீனுக்கு நான் போட்ட லைப்ரரி (ரெடிமேட் கோடு) ஓடுறப்ப தனியா 1024 பைட்டு கேக்கும், அது கம்பைல் கணக்குல வராது, ரெண்டும் சேந்தா ராம் பத்தாது! சீரியல்ல (கம்ப்யூட்டருக்கு மெசேஜ் அனுப்புற வழி) பிரிண்ட் பண்ற வரியெல்லாம் எஃப் மேக்ரோங்கிற F() குறிக்குள்ள போட்டு, ப்ரோகிராம் இருக்கிற ஃப்ளாஷ் மெமரிக்குத் தள்ளுனேன், ராம் 31%க்கு இறங்குச்சு, ஸ்கிரீன் பளிச்சுன்னு வந்துருச்சு. பின்னு சால்டர் பண்ணாம தர்றாங்க, கரண்டு இருக்கிற நேரம் பாத்து நாமளே உக்காந்து பத்தவைக்கணும், அதுதான் கடுப்பு. நாலு ஸ்டார்.