நேற்று வந்த பிள்ளைக்கு இன்று எப்படித் திறக்கிறது? கேஷ் சோதனையில் மூன்று வருடம்

திருநெல்வேலியில் ஒரு தனியார் கல்வி நிலையத்தின் இணையத்தளத்தை மூன்று வருடமாகப் பார்த்து வருகிறேன். நேர அட்டவணை, பாடக் குறிப்புப் படங்கள், கடந்தகால வினாத்தாள்கள், அவ்வளவுதான். வருகிறவர்கள் பெரும்பாலும் அதே பிள்ளைகள். பின்னேரம் வகுப்புக்குப் புறப்பட முன் கைத்தொலைபேசியில் ஒருக்கால் திறந்து பார்ப்பார்கள். தொடங்கிய மாதமே கணித ஆசிரியர் கூப்பிட்டார்: "தம்பி, நேற்றுத் திறந்த பக்கம்தானே, இண்டைக்கும் ஏன் இவ்வளவு டேட்டா இழுக்குது எண்டு பிள்ளையள் கேக்கினம்."

என்னிடம் இருந்தது லைட்ஹவுஸ், தளத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் கருவி. அது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னர் கேஷை, அதாவது ஏற்கெனவே இறங்கிய கோப்புகளைத் திரும்பப் பாவிக்கப் பிரவுசர் வைத்திருக்கும் சேமிப்பை, துடைத்துவிடும். மொபைல் சோதனை என்றால் நொடிக்கு 1.6 மெகாபிட் வேகம், 150 மில்லிசெக்கன் தாமதம் என்று ஒரு மெதுவான இணைப்பை எடுத்துக்கொண்டு, முதன்முதலாக வருகிற ஒருவருக்குத் தளம் எப்படி இருக்கும் என்று கணித்துச் சொல்லும். அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் ஆசிரியர் கேட்டது இரண்டாம் நாளைப் பற்றி.

அதற்கு வெப்பேஜ்டெஸ்ட் என்ற இன்னொரு வேகச் சோதனைக் கருவிதான் கைகொடுத்தது. முதல் பார்வை, மீள் பார்வை இரண்டையும் தெரிவு செய்தால், முதல் தடவை முடிந்ததும் பிரவுசரை மூடித் திரும்பத் திறந்து, கேஷை அழிக்காமல் அதே பக்கத்தை ஏற்றிக் காட்டும். மீள் பார்வையில் எந்தக் கோப்பு எப்போது வந்தது என்று காட்டும் வாட்டர்ஃபால் படத்தை அன்று இரவு வரி வரியாகப் பார்த்தேன். எழுத்துரு, லோகோ, ஸ்டைல் கோப்புகள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் 304, 'மாறவில்லை' என்ற சேர்வரின் பதில் எண். கோப்பு திரும்ப இறங்கவில்லை, ஆனால் "மாறிவிட்டதா?" என்று கேட்க ஒவ்வொன்றும் சேர்வர் வரை போய் வந்திருக்கிறது. அவற்றுக்குக் கீழே பாடக் குறிப்புப் படங்கள் 200 என்ற எண்ணோடு முழுதாக இறங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கோப்புறைக்கு மட்டும் 'நோ-ஸ்டோர்' என்ற தலைப்பு, கோப்போடு சேர்வர் பிரவுசருக்கு அனுப்பும் கட்டளை, போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகளின் டேட்டா போன வழி அதுதான்.

'நோ-ஸ்டோர்' என்றால் வைத்திருக்கவே கூடாது. 'நோ-கேஷ்' என்றால் வைத்திரு, பாவிக்க முன் கேள். பெயரைப் பார்த்து இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அட்டவணைப் பக்கத்துக்கு 'நோ-கேஷ்' வைத்தேன், வகுப்பு நேரம் மாறினால் உடனே தெரிய வேண்டும். படங்களுக்கும் எழுத்துருவுக்கும் 'மேக்ஸ்-ஏஜ்', அதாவது சேர்வரைக் கேட்காமலே பாவிக்கக்கூடிய காலம், 3600 செக்கன், ஒரு மணித்தியாலம்.

மீள் பார்வை துப்புரவாக வந்தது. டேட்டா முறைப்பாடும் நின்றது. ஆனால் பக்கம் திறக்கச் சுணங்குகிறது என்ற கதை மட்டும் ஓயவில்லை. காரணம் பிடிபடக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் போனது. கருவியின் மீள் பார்வை முதல் பார்வைக்கு அடுத்த நிமிடமே நடக்கிறது. பிள்ளை வருவது அடுத்த நாள் பின்னேரம். அதற்குள் ஒரு மணித்தியாலக் கெடு முடிந்து, எல்லாக் கோப்புக்கும் மறுபடி 304 கேள்வி. இந்தக் கருவிகளில் நான் காணும் பெரிய குறை இதுதான்: கேஷை வைத்திருக்கும், இடையில் போகிற நேரத்தை வைத்திருக்காது.

அதற்கு நான் செய்வது இது. குரோமுக்குத் தனியாக ஒரு பயனர் கோப்புறை ஒதுக்கி, லைட்ஹவுஸில் சேமிப்பை அழிக்காதே என்ற தெரிவையும் போட்டு ஒரு பின்னேரம் ஓட விடுவேன். கோப்புறையை அப்படியே வைத்திருந்து அடுத்த நாள் அதே நேரம் திரும்ப ஓட்டுவேன். நேரமெடுக்கும் வேலைதான், ஆனால் உண்மையைக் காட்டுகிறது. அதைப் பார்த்த பிறகுதான் கோப்பு மாறினால் பெயரும் மாறிப் புதிதாக இறங்கும்படி, கோப்புப் பெயரிலேயே பதிப்பு அடையாளத்தைச் சேர்த்து, 'மேக்ஸ்-ஏஜ்' அளவை 31536000 செக்கனாக, ஒரு வருடமாக உயர்த்தினேன்.

தமிழ் எழுத்துருவை முதலில் வெளியார் சேர்வரிலிருந்து எடுத்தேன், வேறு தளங்களில் ஏற்கெனவே இறங்கியிருக்கும் என்று நம்பி. 2020இல் வந்த குரோம் 86 முதல் கேஷ் தளத்துக்குத் தளம் தனித்தனி. அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. இப்போது எங்கள் சேர்வரிலேயே இருக்கிறது.

பரீட்சைக் காலத்துக்கு முன் பலர் ஒரே நேரத்தில் வந்தால் சேர்வர் தாங்குமா என்று பார்க்க, ஜேமீட்டர் என்ற கருவியால் சுமைச் சோதனை செய்கிறேன். பிரவுசரின் கேஷைப் போல நடிக்கும் கேஷ் மேனேஜரை அதில் சேர்க்காவிட்டால் ஒவ்வொரு கற்பனைப் பயனரும் ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் இறக்குவார், சேர்வர் தாங்காது என்று தவறாகத் தோன்றும். ஒவ்வொரு சுற்றிலும் கேஷை அழி என்ற கட்டத்தையும் கவனியுங்கள். அதில் சரி போட்டால் ஒவ்வொரு சுற்றும் புது ஆள், எடுத்துவிட்டால் திரும்பி வருகிற அதே ஆள். இரண்டையும் தனித்தனியே ஓட்டிப் பார்ப்பேன்.

எல்லாம் முழுதாகக் கேஷில் இருக்கும் என்றும் நான் எடுத்துக்கொள்வதில்லை. பிரவுசரின் கேஷுக்கு அளவு உண்டு, நிறைந்தால் பழையதை வெளியே தள்ளும். 2007இல் யாஹூ தன் பயனர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் வெறுங் கேஷோடு வருகிறார்கள் என்று வெளியிட்டது. பழைய கணக்குத்தான், என்றாலும் முதல் பார்வையை நான் இன்னும் விடாமல் ஓட்டுவது அதனால்தான். இப்போது ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று ஓட்டம்: வெறுங் கேஷ், அடுத்த நிமிடம், அடுத்த நாள் பின்னேரம்.