துருப்பிடித்த 69 கேமரோ "இசட்-28" என்று ஒரு விளம்பரம்: அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் படியுங்கள்

இண்டியானாவில் பழைய கார் விற்கும் ஒரு கடை, 1969 செவர்லே கேமரோ இசட்-28 ஒன்றை விளம்பரப்படுத்திக்கொண்டிருக்கிறது. பல வருடம் கொட்டகையில் கிடந்தது, யாரும் கை வைக்காதது, "மேட்சிங் நம்பர்ஸ்" (எஞ்சினில் குத்திய எண் வண்டியின் எண்ணோடு ஒத்துப்போவது) என்று போட்டு 38,000 டாலர் கேட்கிறார்கள். அது இசட்-28 இல்லை. ஆயிரம் டாலர் அட்வான்ஸ் கட்டிவிட்டு நேரில் போய்ப் பார்த்தேன். அந்தப் பணம் இன்னும் திரும்பவில்லை. கார்டு கம்பெனியில் புகார் ஓடிக்கொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. வண்டியின் குட்டை உடைக்க எந்தத் தடையும் இல்லை.

இதில் ஏமாற்றுவது ஏன் எளிது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் 5 லிட்டர் வரம்புக்குள் அடங்கும்படி 302 கன அங்குல எஞ்சின் வைத்துச் செய்த வண்டி இசட்-28. 69-இல் 20,302 வண்டிகள் வந்தன. ஆனால் அது தனி மாடல் கிடையாது, ஆர்டர் கொடுக்கும்போது சேர்த்துக்கொள்ளும் ஒரு ஆப்ஷன். வின் நம்பர், அதாவது வண்டியின் அடையாள எண், 124 என்று தொடங்கினால் வி-8, 123 என்றால் ஆறு சிலிண்டர். அதற்கு மேல் அந்த நம்பர் வாயைத் திறக்காது. கோடுகள், எம்பளம், கவுல் ஹூட் என்ற மேடுள்ள பானட் எல்லாம் தபாலில் வாங்கிப் பொருத்தலாம். போன்டியாக் என்றால் பிஹெச்எஸ் என்ற ஆவணச் சேவை மூலம் பழைய பில்லிங் ரெக்கார்டு கிடைக்கும், 67 முதல் வந்த ஃபோர்டு என்றால், ஆலைப் பதிவுகளிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் உண்டு. அமெரிக்காவில் விற்ற செவர்லேக்கு அப்படி எழுதிக் கேட்டு வாங்க ஆவணமே இல்லை. உலோகத்தில் குத்தியிருப்பதை வைத்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

அங்கேதான் துரு இவர்களுக்குக் கைகொடுக்கிறது. பளபளவென்று ரெஸ்டோர் செய்த வண்டியென்றால் எல்லோரும் சந்தேகப்பட்டுப் பூதக்கண்ணாடியோடு போவோம். துருப்பிடித்துக் கிடந்தால் "பாவம், இதை யார் தொட்டிருப்பார்கள்" என்று மனசு இளகிவிடும். கடைக்காரர் நான் கேட்ட எல்லாவற்றுக்கும் துருவையே பதிலாகச் சொன்னார். நம்பர் தெரியவில்லையா, துரு. போல்ட்டைக் கழற்ற முடியாதா, துரு. வெறும் இரும்பில் உப்புத் தண்ணீரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் தெளித்தால் ஒரே மாலையில் நல்ல செம்பழுப்புத் துரு ஏறும் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்.

எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவில் உள்ள தடுப்பான ஃபயர்வாலில் இருக்கும் டிரிம் டேக்கை, அதாவது ஆலை விவரங்களைக் குத்திய சின்னத் தகட்டைப் பாருங்கள். நான் வசிக்கும் சின்சினாட்டிக்குப் பக்கத்திலேயே இருந்த நார்வுட் ஆலையில் செய்த வண்டி இது. வின்னில் "என்" என்ற எழுத்து அதைத்தான் சொல்கிறது. நார்வுட் டேக்குகளில் எக்ஸ்-33 அல்லது எக்ஸ்-77 என்று இருந்தால் இசட்-28. இந்த வண்டியில் எக்ஸ்-77 இருந்தது, கடைக்காரரும் அதில்தான் விரலை வைத்துக் காட்டினார். அதே டேக்கில் தேதி 10சி, அதாவது அக்டோபர் மூன்றாவது வாரம். நார்வுட்டில் இந்த எக்ஸ் குறியீடுகளையே 1968 டிசம்பரில்தான் குத்த ஆரம்பித்தார்கள். டேக்கில் வருடம் இருக்காது. 69 மாடலை வழக்கத்தைவிட நீட்டி 1969 இலையுதிர் காலம் வரை செய்தார்கள் என்பதால், இது அந்த அக்டோபராக இருக்கலாமே என்று வாதாடலாம். கடைக்காரர் வாதாடினார். ஆனால் வின்னில் உள்ள வரிசை எண் 500001-இல் தொடங்குகிறது, இந்த வண்டியின் எண் அதற்கு மிகப் பக்கத்தில். ஆகவே 1968 அக்டோபர். அந்த மாதத்து டேக்கில் எக்ஸ்-77 வர வழியே இல்லை. புது டேக் அடித்துத் தர ஆட்கள் இருக்கிறார்கள். அதைப் பொருத்தும் ரிவெட்டும் விலைக்குக் கிடைக்கிறது, அதனால் ரிவெட்டைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம்.

எஞ்சினில் இன்னும் மோசம். பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், எஞ்சினின் அடிப்படை வார்ப்பான பிளாக்கில் ஒரு சின்னத் தட்டைத் திட்டு உண்டு, அதில்தான் "டிஇசட்" என்ற 302-இன் குறியீடும், பெரும்பாலும் வண்டி எண்ணின் கடைசிப் பகுதியும் குத்தியிருக்கும். இங்கே திட்டு முழுக்க துரு அரித்துக் குழிகுழியாக இருந்தது. எழுத்துகள் மட்டும் கூர்மையாக நின்றன! சுற்றியிருந்த இரும்பைத் தின்ற துரு எழுத்தின் விளிம்பை மட்டும் விட்டுவைக்குமா? ஆலையில் அந்த முகத்தைச் செதுக்கும்போது முன்பின்னாக ஓடும் மெல்லிய கோடுகள் விழும், அவையும் இல்லை. தேய்த்துவிட்டுப் புதிதாகக் குத்தியிருக்கிறார்கள்.

"காஸ்டிங் நம்பர் சரியாத்தானே இருக்கு" என்றார். பிளாக்கின் வார்ப்பிலேயே வரும் அந்த எண் சரிதான், 3970010. 69-இல் சில 302 எஞ்சின்களுக்கு அந்த பிளாக் வந்தது. எழுபதுகள் முழுக்க வந்த சாதாரண 350-க்கும் அதே நம்பர்தான் என்பதை அவர் சொல்லவில்லை. பார்க்க வேண்டியது பிளாக்கின் பின்பக்கம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பில் வார்ப்பிலேயே வந்திருக்கும் தேதியை. மாதத்துக்கு ஒரு எழுத்து, நாள், வருடத்தின் கடைசி இலக்கம். கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்தேன்: ஏ 14 0. 1970 ஜனவரி 14. அக்டோபர் 68-இல் ஆலையை விட்டு வெளியே வந்த காருக்கு, பதினைந்து மாதம் கழித்து வார்த்த எஞ்சின். இது புடைப்பு எழுத்து என்பதால் துருப்பிடித்தாலும் படிக்கலாம், திருத்துவதும் கஷ்டம். அதனாலோ என்னவோ அதன் மேல் கெட்டியாக கிரீஸ் பூசியிருந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபயர்வாலில் இருந்தது ஏசி வண்டிக்கான அமைப்பு. இசட்-28-க்கு ஏசியே கொடுக்கவில்லை. பின்பக்கம் ஒற்றை லீஃப் ஸ்பிரிங். இசட்-28 பல லீஃபோடு வரும். எல்லாவற்றையும் "முந்தைய ஓனர் மாத்தியிருப்பார்" என்று மழுப்பினார். அந்த முந்தைய ஓனர்தான் வண்டியைத் தொடவே இல்லை என்று விளம்பரம் சொன்னது.

மறைவு வின் விஷயத்தில் விளையாட வேண்டாம். 69 கேமரோவில் டாஷ் தகட்டைத் தவிர இரண்டு இடத்தில் வண்டி எண் குத்தியிருக்கும்: விண்ட்ஷீல்டுக்குக் கீழே கவுல் பேனலுக்கு அடியில் ஒன்று, ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஃபயர்வாலில் ஒன்று. முதல் இடத்தில் தகட்டை வெட்டிப் புதிதாக வெல்டு செய்திருந்தார்கள். இரண்டாவதைப் பார்க்க விடவே இல்லை. கேமரோ கவுல் துருப்பிடிப்பது சகஜம், அதனால் வெட்டியதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டியைக் கழற்ற மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். எண்கள் ஒத்துப்போகாத வண்டியைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போனால் காரும் போகும், காசும் போகும். வின் தகட்டை மாற்றுவது ஃபெடரல் குற்றம்.

இனி அட்வான்ஸ். போனில் "பிடிக்கலைன்னா முழுசாத் திருப்பித் தருவோம்" என்றார்கள். பணம் போன பிறகு ஈமெயிலில் வந்த ரசீதின் அடியில், திருப்பித் தரப்படாது என்று பொடி எழுத்தில் இருந்தது. கேட்டதற்கு, "பழைய வண்டி, இருக்கிறபடி விற்கிறோம்" என்று கையை விரித்தார்கள். இருக்கிறபடி விற்பது வேறு, இல்லாததை எழுதி விற்பது வேறு. விளம்பரத்தை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தேன். அதையும், பிளாக் தேதியின் படத்தையும் வைத்துத்தான் கார்டு கம்பெனியிடம் முறையிட்டிருக்கிறேன். செக்காகவோ வயராகவோ அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள், கார்டு என்றால்தான் சண்டை போடவாவது ஒரு இடம் இருக்கும்.

போன வாரம் விளம்பரம் மாறியிருக்கிறது. டிரிம் டேக் படத்தை எடுத்துவிட்டார்கள், விலை 34,500 ஆகியிருக்கிறது. "மேட்சிங் நம்பர்ஸ்" அப்படியே இருக்கிறது. கூப்பிடுபவர்கள் மூன்று படம் கேளுங்கள்: முழு டேக், பிளாக்கின் பின்பக்கத் தேதி, ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் உள்ள எண். டேக் படம் மட்டும் வந்தால், அதில் 10சி இருக்கிறதா என்று பாருங்கள்.