கடலோரப் பாறைகளின் நிறமும் போலரைசரும்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

தமிழகத்தின் தென்கோடியிலுள்ள மணப்பாடு, உவரி, இடிந்தகரை ஆகிய ஊர்களின் கடலோரப் பாறைகளைப் படமெடுப்பதற்காகப் பல ஆண்டுகளாக ஒரு சர்குலர் போலரைசரை, அதாவது லென்ஸின் முன் மாட்டிச் சுழற்றி எதிரொளியைக் குறைக்கும் வடிகட்டிக் கண்ணாடியை, பயன்படுத்தி வருகிறேன். ஈரப் பாறையின் நிறத்தைப் பதிவு செய்ய விரும்புவோர் புதிய கேமராவுக்கு முன் வாங்க வேண்டியது இதைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

பாறை நனைந்ததும் அதன் நிறம் ஆழமாகிறது. ஆனால் அதே நீர்ப்படலம் வான வெளிச்சத்தை எதிரொளித்து, அந்த நிறத்தின்மேல் வெளுப்பைப் பூசிவிடுகிறது. அந்த எதிரொளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்வதால், போலரைசரின் வளையத்தைத் திருப்பத் திருப்ப அது விலகி, அடியிலிருக்கும் இரும்பு ஆக்சைடின் காவியும் மஞ்சளும் துலங்குகின்றன. நீர்ப்பரப்பிலிருந்து ஏறத்தாழ 37 பாகை உயரக் கோணத்தில் நோக்கும்போது பலன் உச்சம் பெறும். நேர் மேலிருந்து எடுத்தால் பலன் மிகக் குறைவு.

உவரிப் பக்கம் பாறைக் குழிகளில் செந்நிறக் கார்னெட் மணலும் கருநிற இல்மனைட் மணலும் அலையால் பிரிந்து வரிவரியாகப் படிந்திருக்கும் அழகு இக்கரையின் சிறப்பு. கார்னெட்டின் சிவப்பைப் போலரைசர் அருமையாக மீட்டுத் தருகிறது. இல்மனைட்டோ ஓரளவு உலோகப் பளபளப்புடையது என்பதால் அதன் மினுக்கம் முழுவதும் அடங்குவதில்லை. அது நல்லதே. எதிரொளியை அறவே நீக்கினால் ஈரப் பாறை உயிரற்றுத் தோன்றும் என்பதால், வளையத்தை உச்சப் புள்ளிக்குச் சற்று முன்பே நிறுத்துவது என் வழக்கம்.

காய்ந்த பாறையில் கதை வேறு. மணப்பாட்டுக் குன்றின் கடற்புறத்தில், மணலும் சிப்பித்துகளும் சுண்ணாம்பால் இறுகி உண்டான பாறையின் சாய்வரிகளைக் காட்டப் போலரைசரைவிட வெயிலின் சாய்வே முக்கியம். கிழக்கு நோக்கிய முகப்பில் உதய வெயில் நேராக விழுந்து வரிகளைத் தட்டையாக்கிவிடும். வெயில் ஏறி, பாறை முகத்தை உரசிச் செல்லும் முற்பகலே ஏற்ற பொழுது.

குறைகளும் உண்டு. ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாகக் குறைவது) வெளிச்சம் குறைவதால் விடியலில் டிரைபாட் இன்றியமையாதது. அகலக் கோண லென்ஸில் வானம் திட்டுத்திட்டாகக் கருக்கும்; ஆகவே வானத்தை விட்டுப் பாறையை மட்டும் படச் சட்டகத்துக்குள் கொண்டுவருகிறேன். உப்புத் துளியைத் துணியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வாரியடிக்கும் மணல் வளையத்தின் இடுக்கில் புகுந்து சுழற்சியை இறுக்கிவிடுகிறது. அம்மாதங்களில் வளையத்தை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போவதும், கரையில் கழற்றாமலிருப்பதும் நலம். அலுமினிய வளையம் லென்ஸின் திருகில் சிக்கிக்கொள்வதுண்டு. சற்று விலை கூடினாலும் பித்தளை வளையமுள்ளதையே வாங்கலாம்.